ராட்னி வீட்டு வடக்குச் சுவர்

அக்டோபர் 9, திங்கள்

இன்று ராட்னி ஹெய்க்கிலா என் கவுண்டருக்கு வந்தான்.

மூன்று வருஷமாக இந்த மரக்கடையில் வேலை பார்க்கிறேன். அவன் வண்டி சத்தம் கேட்டாலே பின்பக்கம் போய்விடுவேன், முதலாளி அவனைக் கவனித்துக்கொள்வார். இன்று முதலாளி பல் வைத்தியரிடம் போயிருந்தார். கடையில் நானும் அவனும் அவனுடைய சேறு படிந்த பூட்ஸும்தான்.

"என்ன செல்மா, நல்லா இருக்கியா?"

என் பிழைப்பில் மண்ணைப் போட்டவன் கேட்கிற கேள்வி! "இருக்கேன்" என்றேன்.

ஏரிக்கரையில் தனக்கென்று வீடு கட்டுகிறானாம். குளிர் தாங்கச் சுவர்களுக்குள் அடைக்கக் கண்ணாடிப் பஞ்சு வேண்டும் என்றான். ஏரிக் காற்று நேராக அறைகிற வடக்குச் சுவருக்கு மட்டும் கொஞ்சம் ஃபோம், பீய்ச்சி அடித்தால் நுரைத்து இறுகுவது. "பெரிய மிஷின் எல்லாம் வேணாம். அந்த ரெட்டை சிலிண்டர் பெட்டி இருக்குல்ல, அது போதும். வெளிப்பலகை மேல மெல்லிசா ஒரு இஞ்ச் அடிச்சுட்டு, மிச்சத்துக்குப் பஞ்சைச் சொருகிடலாம். காத்து புகாது, குளிரும் வராது. போதும்ல?"

பிறகு, கதவுவரை போய்விட்டுத் திரும்பிவந்து சொன்னான்: "பிளாஸ்டிக் தாள் ஒரு சுருள் சேத்துக்கோ. உள்பக்கம் ஒட்ட."

பிளாஸ்டிக் தாள். என்னிடமே கேட்கிறான்.

இருபது வருஷம் இந்த ஊர்ச் சுவர்களுக்கு ஃபோம் அடித்தவள் நான். சொந்த வண்டி, சொந்த மிஷின், என் பேர் எழுதிய கதவு. இர்மா டெர்வோ டீச்சர் ஓய்வு பெற்றுக் கட்டிய வீட்டுக்கு ராட்னி மேஸ்திரி, சுவருக்குள் வேலை என்னுடையது. மரம் காய்ந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, இரண்டரை இஞ்ச் ஃபோம் அடித்து, அதற்குமேல் பஞ்சு வைத்தேன். கிளம்பும்போது அவனிடம் சொன்னேன்: "உள்ள பிளாஸ்டிக் போடாத. வெளிப்பக்கம் ஃபோம் அடைச்சாச்சு. உள்பக்கமாவது சுவர் மூச்சு விடணும்." தலையாட்டினான். நான் போனதும் போட்டுவிட்டான். அவன் அப்பா போட்டார், இந்த ஊரில் எல்லோரும் போடுகிறார்கள், அவனும் போட்டான். போதாததற்கு அவன் வைத்த ஜன்னல் ஒழுகியது. உள்ளே இறங்கிய தண்ணீருக்கு ஒரு பக்கம் ஃபோம், மறுபக்கம் பிளாஸ்டிக். எங்கே போகும்? சுவரின் மரச்சட்டம் அழுகியது, பூஞ்சை பிடித்தது, டீச்சரின் நெஞ்சிலும் பிடித்தது. பிரித்துப் பார்த்த அன்று முதல் வேலையாகப் பிளாஸ்டிக்கைக் கிழித்துக் குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டான். அப்புறம் ஊர் முழுக்கச் சொன்னான்: "செல்மா அடிச்ச ஃபோம்தான் வீட்டை அழுக வச்சுது."

வண்டியை விற்றேன். கதவில் இருந்த பேரையும் சேர்த்து.

எனக்கு அவன் காசு வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். ஊர் கேட்க ஒரே ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வரவேண்டும்: பிளாஸ்டிக்கை நான்தான் போட்டேன். அவ்வளவுதான்.

"போதும்ல?" என்று மறுபடி கேட்டான்.

"உன் வீடு, ராட்னி" என்றேன். பிளாஸ்டிக் சுருளை நானே தூக்கி அவன் வண்டியில் வைத்தேன்.

அக்டோபர் 10

ஏன் சொல்லவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். முன்பு சொன்னேனே, என்ன கிடைத்தது?

அக்டோபர் 12

இன்னொரு விஷயம். வடக்குச் சுவரை ஒட்டி, வீட்டுக்குள்ளேயே சவுனா, நீராவிக் குளியல் அறை, வைக்கிறானாம். முதலாளிதான் சொன்னார். சனிக்கிழமைதோறும் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவி கிளப்பப் போகிறான்!

இந்தக் குளிருக்கு ஒரு இஞ்ச் ஃபோம் எந்த மூலைக்கு? வெளிக்காற்றை நிறுத்தும், சரி. ஆனால் அந்த நுரையின் உள்முகம் ஜில்லென்று கிடக்கும். வீட்டுக்குள்ளிருக்கும் ஈரக்காற்று பிளக் ஓட்டை வழியாக, குழாய் சந்து வழியாக நுழைந்து பஞ்சைக் கடந்து போய் அதில் முட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பீர் கேன் வியர்க்கிற மாதிரி சுவர் உள்ளுக்குள் வியர்க்கும். இரண்டரை இஞ்ச் இருந்தால் அந்த முகம் கதகதப்பாக இருந்திருக்கும், வியர்வை இல்லை. அவன் மிச்சம் பிடித்தது அந்த ஒன்றரை இஞ்சைத்தான்.

நினைக்க நினைக்க நன்றாக இருக்கிறது. கறி அடைத்த பாஸ்டி ரொட்டி இரண்டு சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து, வழக்கம்போல் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காபி. என் கோப்பை இன்றும் காலி.

இந்த ஊரில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பதில்லை. யாரையும் முகத்துக்கு நேரே எதுவும் கேட்பதில்லை. ஹெல்வி காபிக் கெண்டியோடு வருவாள், ஒவ்வொருவருக்கும் ஊற்றிக்கொண்டே. தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்கிற வழக்கம் இங்கே கிடையாது, பட்டினி கிடந்து செத்தாலும் கிடையாது. டீச்சர் வீடு பாழானதிலிருந்து ஹெல்வியின் கெண்டி என் நாற்காலிக்கு ஒரு ஆள் முன்னால் திரும்பிவிடும். பேச்சில் குறையில்லை. "குளிர் ஆரம்பிச்சிருச்சு, செல்மா" என்பாள். காபி மட்டும் கிடையாது.

போகாமல் இருக்கலாம்தான். போகாவிட்டால் அவன் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அதனால் வாராவாரம் போய் உட்கார்ந்து, காய்ந்த கோப்பையைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்துவிட்டு வருகிறேன்.

ராட்னிக்கு இன்று இரண்டு முறை ஊற்றினாள்.

அக்டோபர் 28

வேலை முடிந்து ஏரிப்பாதை வழியாகப் போனேன். சுற்றுவழிதான், இருக்கட்டும். அவன் வீட்டுச் சட்டங்கள் மழையில் நிற்கின்றன. மேலே ஒரு தார்ப்பாய்கூட இல்லை. மரம் கருத்துப்போயிருக்கிறது. வண்டியை நிறுத்தி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, பாட்டு கேட்டபடி கொஞ்ச நேரம் பார்த்தேன்.

நவம்பர் 11, சனி

புதன்கிழமை மான் வேட்டை ஆரம்பம். அதற்குள் சுவரை மூடிவிட்டுக் காட்டுக்கு ஓட வேண்டும் இவர்களுக்கு. வருஷாவருஷம் இதே கூத்துதான். மரம் காய்கிறதா இல்லையா, யாருக்குக் கவலை? பதினைந்தாம் தேதி துப்பாக்கியோடு மரத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மதியம் ஃபோன் வந்தது. ராட்னி.

"செல்மா, கட்டையெல்லாம் கொஞ்சம் ஈரமா இருக்கு. ஃபோம் அங்கங்க பிடிக்காம உரிஞ்சு வருது. பரவால்லயா?"

மூன்று வருஷத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உண்மையான கேள்வி.

"பெட்டி மேல எல்லாம் எழுதியிருக்கும். படிச்சுப் பாரு."

"கண்ணாடி எடுத்துட்டு வரலியே."

"அப்ப படிக்காத" என்றேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்திருப்பான்.

நவம்பர் 15

ஊரில் ஆம்பளை ஒருத்தன் இல்லை. சுவர் மூடியாயிற்று.

டிசம்பர் 16, சனி

அவன் வீட்டில் புதுமனை விருந்து. ஊரையே அழைத்திருந்தான், அதனால் என்னையும் அழைக்க வேண்டியதாயிற்று. எப்போதும் கொண்டுபோவதைத்தான் கொண்டுபோனேன்: கம்பு ரொட்டி, உப்பு. "இந்த வீட்டில் இவை குறையாதிருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சொன்னேன். பல் தெரியச் சிரித்தேன்.

பூட்ஸைக் கழற்றிவிட்டு எல்லோரும் காலுறையோடு வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். சவுனா நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல முடியாது. சூடாக இருந்தது. அதற்கு அடுத்த சின்ன அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வடக்குச் சுவர் அருகே குனிந்தேன். பிளக் மூடியின் திருகாணித் தலையில் ஒரு சொட்டு. கடுகளவு. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பைத்தியக்காரிதான் நான், ஒப்புக்கொள்கிறேன்.

பின்னால் ராட்னியின் குரல்: "எப்படி இருக்கு சுவரு? குளிர் துளிகூட வரல பாத்தியா?"

"துளிகூட இல்ல" என்றேன்.

ஜனவரி 14, ஞாயிறு

ஃபாரன்ஹீட் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது. ஏரிமேல் ஆவி பறக்கிறது. காபிக்கு எல்லோரும் குளிரைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. இந்தக் குளிர் என் வேலைக்காரன், கூலி கேட்காமல் ராப்பகலாக உழைக்கிறான்.

கோப்பை காலி. இன்று உறைக்கவே இல்லை.

ஜனவரி 16

இன்னும் கீழே. இன்னும் போ. இன்னும்.

ஜனவரி 28, ஞாயிறு

ஹெல்வி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ராட்னிக்கு என்ன மனசு பாருங்க! டெர்வோ டீச்சரக் கூட்டிட்டுப் போய் தன் வீட்டுல வச்சுக்கிட்டான். சவுனாவுக்குப் பக்கத்து ரூம். வாடகை வேணாம்னுட்டானாம்."

கைதட்டாத குறை. ராட்னி தலையைக் குனிந்துகொண்டு ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்தான்.

சவுனாவுக்குப் பக்கத்து அறை. வடக்குச் சுவர். நான் நாக்கில் வைத்துப் பார்த்த அந்தச் சொட்டுக்குப் பக்கத்தில் டீச்சரின் கட்டில்.

ஜனவரி 29

வேண்டுமென்றா செய்தேன்? டீச்சர் அங்கே வருவார் என்று எனக்குத் தெரியுமா? அவன் படுக்க வேண்டிய அறை அது, இல்லையென்றால் அவன் விருந்தாளிகள் படுக்க வேண்டிய அறை. டீச்சருக்கு ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை. மாடி ஏறினாலே விசில் மாதிரி கேட்கும்.

போய்ச் சொன்னால்? "செல்மா வயிற்றெரிச்சலில் உளறுகிறாள்" என்பான். சொல்லாவிட்டால்?

குளிர் விட்டுத்தொலைந்தால் தேவலை.

ஜனவரி 31

விடவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

டீச்சர் காபிக்கு வரவில்லை. இருமலாம். "காலநிலை அப்படி" என்றாள் ஹெல்வி.

நேராக ஏரிக்கரைக்குப் போனேன். ராட்னி வீட்டில் இல்லை. டீச்சர்தான் கதவைத் திறந்தார், இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு. எழுபத்தாறு வயதிலும் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார். நாலாம் வகுப்பில் எனக்கும் ராட்னிக்கும் அவர்தான் டீச்சர். அப்போதும் அவன் செய்த தப்புக்கு நான் மூலையில் நின்றிருக்கிறேன்.

"டீச்சர், கட்டிலைக் கொஞ்சம் நகத்தட்டுமா?"

ஏன் என்று கேட்கவில்லை. பிளக் மூடியைக் கழற்றி, பையில் கொண்டுபோன ஈர மீட்டரின் ஊசியைப் பக்கத்துச் சட்டத்தில் குத்தினேன். மரத்தில் ஈரம் பத்தொன்பது சதவீதத்தைத் தாண்டினாலே ஃபோம் அடிக்கக் கூடாது என்பது கணக்கு. முப்பத்தொன்று காட்டியது. ஓட்டையிலிருந்து ஒரு வாடை வந்தது, நனைந்த நாய் மாதிரி. அந்த வாடையை எனக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

"டீச்சர், இந்த ரூம்ல படுக்காதீங்க. இதுவும் அந்த வீடு மாதிரிதான் ஆகப்போகுது. இவன் உள்ள பிளாஸ்டிக் போட்டிருக்கான். அங்கயும் இவன்தான் போட்டான், நான் இல்ல. நீங்க நம்பினா நம்புங்க."

டீச்சர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "நம்பறதுக்கு என்ன இருக்கு? ராட்னியே சொன்னானே."

"என்ன சொன்னான்?"

"பிளாஸ்டிக் அவன்தான் போட்டான்னு. முதல் குளிர்காலமே வந்து சொல்லிட்டான், அழுதுட்டான் பாவம். அதனாலதானே இந்த ரூமு. வீடு கட்டினா எனக்கு ஒரு ரூம் தரேன்னு அப்பவே சொன்னான். தந்துட்டான்."

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மூணு வருஷமா."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "உனக்குத்தான் மரக்கடைல வேலை கிடைச்சிடுச்சே, செல்மா. அவன் பேரு கெட்டா அவன் பிழைப்பு போயிடும். எனக்கும் தங்க இடம் வேணும். உன்னை நான் மறக்கலம்மா."

பிளக் மூடியைத் திரும்ப மாட்டினேன். திருகாணி மூன்று தடவை கையிலிருந்து விழுந்தது.

பிப்ரவரி 12, திங்கள்

மறக்கலியாம்! மறக்கலியாம்மா! அவ உக்காந்து காபி குடிச்சுட்டே இருந்திருக்கா, எனக்கு ரெண்டு நாற்காலி தள்ளி, மூணு வருஷம். என் காலி கோப்பையப் பாத்துக்கிட்டே. அவனும் அவளும். நான் வண்டிய வித்தப்போ, "நல்ல விலை கிடைச்சுதா செல்மா"ன்னு கேட்டாளே இந்தம்மா.

கெடக்கட்டும். ரெண்டு பேரும் கெடக்கட்டும் அந்த ஈரத்துல. அவன் கட்டின சுவரு, அவ கேட்டு வாங்கின ரூமு. நான் யாரு நடுவுல? படின்னு சொன்னேன், படிக்கல. படுக்காதன்னு சொன்னேன், படுத்துக்கட்டும்.

பிப்ரவரி 13

கடையில் ஒரு ஆளுக்கு ஆணிக்குப் பதில் திருகாணி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 15

இருமல் சத்தம் காதிலேயே இருக்கிறது. வெறுப்பு குறைந்ததா என்றால் இல்லை, ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் போன தடவை அவன் செய்த தப்பைக் குப்பைமேடு மூடி வைத்தது. இந்தத் தடவை அதை என் வாய் மூடி வைத்திருக்கிறது. சுவருக்குள்ளேயே அழுகி முடிந்துவிட்டால் யார் பார்ப்பார்கள்? வசந்தத்தில் அவன் சத்தமில்லாமல் பிரிப்பான், பிளாஸ்டிக்கைக் குப்பைமேட்டில் போடுவான், கடைக்காரி கொடுத்த ஃபோம் சரியில்லை என்பான்.

ஐயோ. அதைத்தான் சொல்வான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

செய்துவிட்டேன்.

காபி எல்லோர் கோப்பையிலும் விழுந்து முடிந்ததும் எழுந்து நின்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "ராட்னி வீட்டு வடக்குச் சுவர் ஈரமாயிடுச்சு. டீச்சர் அந்த ரூம்ல இருமிக்கிட்டு இருக்காங்க. வர்ற சனிக்கிழமை கூட்டுவேலை. கடப்பாரை இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க. ஹெல்வி, சூப்பு உன் பொறுப்பு."

கூட்டுவேலை என்று ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால் முடிந்தது. கை கால் நன்றாக இருக்கிறவன் எவனும் வராமல் இருக்க முடியாது, வீட்டுக்காரன் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அப்பேர்ப்பட்ட அவமானம் அது. கொட்டகை எரிந்தாலும் கூரை சரிந்தாலும் இப்படித்தான். ஈரச் சுவருக்கு இதுவரை யாரும் அழைத்ததில்லை.

ராட்னி முகம் மாவு மாதிரி ஆகிவிட்டது. "எதுக்கு இத்தனை பேரு? நானே பாத்துக்கறேன்."

"டீச்சருக்காகத்தானே ராட்னி" என்றாள் ஹெல்வி. "சூப்புக்கு மீனு போதுமா, மாட்டுக்கறியா?"

டீச்சருக்காகவா செய்தேன், பழிக்காகவா? இரண்டுக்கும்தான். எது எவ்வளவு என்று பிரிக்க எனக்கு வரவில்லை.

பிப்ரவரி 24, சனி

கை வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

இருபது பேருக்குமேல் வந்திருந்தார்கள். என்னிடம் வேலை கொடுப்பதை நிறுத்தியவர்கள், என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போகிறவர்கள், எல்லோரும். பூட்ஸ் வாசலில் குவியலாகக் கிடந்தது. டீச்சரைக் கோட்டோடு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கட்டில் வெளியே போயிற்று. ஜிப்சம் பலகைகளைப் பிரித்துக் கீழே வைத்தார்கள். பின்னால் பிளாஸ்டிக் தாள், பளபளவென்று, மேலிருந்து கீழ்வரை.

"இதை நீ எடு" என்றேன் ராட்னியிடம். "கிழிக்காம எடு. முழுசா."

ஏன் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். தாளைப் பிடித்திருந்த கம்பி ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். கீழ்ப்பக்கத்து ஊசி வரும்போது தாளுக்குப் பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவன் கம்பளிக் காலுறை மேல் கொட்டியது. அவன் நகரவில்லை.

பஞ்சைப் பிடுங்கிப் பிழிந்தேன். சொட்டியது. அதை அப்படியே பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தேன். அவர் அடுத்தவரிடம். ஒரு சுற்று வந்தது. பின்னால் ஃபோம், அவனே சொன்ன மாதிரி ஒரு இஞ்ச், அங்கங்கே ஈரக்கட்டையிலிருந்து உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கட்டையில் என் கட்டைவிரலை அழுத்தினேன், உள்ளே போயிற்று. அதைப் பார்த்ததும் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவு வீட்டில் செய்வது போல.

கேட்டது ஹெல்விதான். கையில் கரண்டியோடு. இந்த ஊரில் யாரும் யாரையும் நேருக்கு நேர் கேட்டு நான் பார்த்ததில்லை.

"இந்த பிளாஸ்டிக்க யாரு போட்டது, ராட்னி?"

"நான்."

"டீச்சர் வீட்டுல?"

அவன் காலுறையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அங்கயும் பிளாஸ்டிக்க நான்தான் போட்டேன். போடாதன்னு செல்மா சொன்னா. நான்தான் கேக்கல."

அந்த வாக்கியம். அதை எத்தனை விதமாக மனதில் ஓட்டிப் பார்த்திருப்பேன், எத்தனை இடத்தில், எத்தனை பேர் முன்னால்! தும்மல் போடுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. நெஞ்சு திறந்துகொண்ட மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொல் என்று கேட்கத் தோன்றியது.

அவன் சொல்லவில்லை. வேறொன்று சொன்னான்: "ஆனா இந்தச் சுவருக்குச் சாமான் கொடுத்தது இவதான். கட்டை ஈரமா இருக்குன்னு இவகிட்ட கேட்டேன். இவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும். கேளுங்க இவளை."

எல்லோர் தலையும் திரும்பியது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரி நான், கேட்டதைக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள்.

"தெரியும்" என்றேன். "ஃபோன் பண்ணினப்போ பெட்டி மேல இருக்கறதப் படின்னு சொன்னேன். கண்ணாடி இல்லன்னான். படிக்காதன்னேன். அழுகட்டும்னுதான் இருந்தேன்."

டீச்சர் இருமினார். இருமிவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியும். டீச்சருக்கும் மூன்று வருஷமாகத் தெரியும் என்ற ஒரே வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. பெருந்தன்மை எல்லாம் இல்லை. ஒன்று கையில் இருக்கட்டும் என்றுதான்.

"சூப்பு ஆறுது" என்றாள் ஹெல்வி. எல்லோரும் மீதிச் சுவரைப் பிரிக்கத் திரும்பினார்கள்.

மார்ச் 2

ஹீட்டர், மின்விசிறி எல்லாம் வைத்து அறையைக் காயவைக்கிறார்கள். டீச்சர் மாடியில், ராட்னியின் அறையில். ராட்னி சோபாவில் படுக்கிறானாம். இருமல் கொஞ்சம் தணிந்திருக்கிறது என்று முதலாளி சொன்னார்.

வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. "இனிமே யாராவது கேட்டா சொல்லிடு செல்மா" என்றார், அவ்வளவுதான்.

மார்ச் 14, வியாழன்

அழுகிய சட்டங்களை மாற்றியாயிற்று. மீட்டர் பதினான்கு காட்டியது. மிஷினை வாடகைக்கு எடுத்து நானே அடித்தேன். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. ராட்னி பாதுகாப்புச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான், நான் குழாயை அவன் கையில் கொடுத்து, சிக்காமல் பிடி என்றேன். மூன்று வருஷம் கழித்தும் மணிக்கட்டு மறக்கவில்லை. ஒரு பூச்சு, ஆறவிட்டு இன்னொரு பூச்சு, இரண்டரை இஞ்ச். அதற்குமேல் பஞ்சு. அப்புறம் வெறும் பலகை, பெயின்ட்.

"பிளாஸ்டிக்...?" என்றான்.

நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

சவுனா ஆவி வெளியே போக ஒரு விசிறியும் வைக்கச் சொல்லிவிட்டேன். வைத்துவிட்டான். நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அவனை எனக்குப் பிடிக்கவில்லை. அது மாறவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

காபி.

டீச்சர் வந்திருந்தார். ஹெல்வி முதலில் அவருக்குத்தான் ஊற்றினாள், நிறைய. ஏலக்காய் ரொட்டியில் பெரிய துண்டு. பிறகு வரிசையாக எல்லோருக்கும். ராட்னிக்கு ஒரு ஆள் முன்னால் கெண்டி திரும்பியது. நான் அவனுக்கு அடுத்த நாற்காலி. வேறெங்கும் இடம் விட்டு வைத்திருக்கவில்லை.

ஆக, நான் குற்றமில்லாதவள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் இந்தச் சுவருக்காகக் காபி இன்னும் கிடையாது. டீச்சர் தன் கோப்பைக்கு மேலாக ஒரு தடவை எங்கள் பக்கம் பார்த்துவிட்டு, ஹெல்வியிடம் பனி எப்போது உருகும் என்று பேச ஆரம்பித்தார்.

மேஜையில் எங்கள் முனையில் நாங்கள் இரண்டே பேர். முன்னால் இரண்டு காலிக் கோப்பை. ராட்னி தன்னுடையதை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தான். அவனுக்கு இது நாலாவது வாரம். எனக்கு நாலாவது வருஷம் ஆரம்பம். அவன் காதுமடல் சிவந்திருப்பதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஒரு கால் மணி நேரம் வைத்துப் பார்த்தேன்.

அப்புறம் எழுந்து போய் ஹெல்வியின் மேஜையிலிருந்து கெண்டியை எடுத்துவந்தேன். பேச்சு நின்றது. எனக்கு நானே ஊற்றிக்கொள்ள முடியாதே. அவன் கோப்பையில் ஊற்றினேன். பாதிதான்.

கெண்டியை அவன் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு எடுத்து என் கோப்பையில் ஊற்றினான், விளிம்பு வரை, தட்டில் வழியும் வரை.

காபி ஆறிப்போயிருந்தது. தட்டில் சிந்தியதையும் சேர்த்துக் குடித்தேன்.